தட்டை உடைத்துவிட்டுப் பணம் கொடுப்பவர்கள்

கேள்வி: ஆக்ஸ்ஃபோர்டின் புல்லிங்டன் கிளப்பை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறார்கள்? இருபது வயதுப் பையன்கள் குடித்துவிட்டு நாலு தட்டை உடைத்தார்கள். உடைத்ததற்குக் காசும் கொடுத்துவிட்டார்கள். கணக்கு அங்கேயே தீர்ந்தது. இத்தனை வருடம் கழித்தும் அதையே பேசுவது பொறாமை இல்லாமல் வேறென்ன?

பிப்ரவரி 4, இரவு 11.10

பொறாமைதான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், பிறகு நிம்மதியாகப் பேசலாம்.

"காசு கொடுத்தார்கள், கணக்குத் தீர்ந்தது" என்பதில்தான் எனக்குச் சிக்கல். அந்தத் தட்டுத் துண்டுகளை ஒரு இரவு பெருக்கியவன் நான். 2006 குளிர்காலம். ஆக்ஸ்ஃபோர்டிலேயே இன்னொரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு கிராமத்து உணவகத்தில் வார இறுதிகளில் பாத்திரம் கழுவினேன். ஒரு மாணவர் குழு மாடியறையை எடுத்தது. எந்தக் குழு என்று எனக்குத் தெரியாது, அது புல்லிங்டன் என்றும் சொல்லவில்லை. அந்த ஊரில் இப்படிப்பட்ட விருந்துக் குழுக்கள் ஒன்றிரண்டு அல்ல. நீலக் கோட்டு போட்டிருந்தார்கள். உடைத்தார்கள், பணம் கொடுத்தார்கள், போகும்போது ஒருவன் எனக்கு ஐம்பது பவுண்டு நோட்டை நீட்டினான். அதை டிப்ஸ் பெட்டியில் போட்டுவிட்டுப் பெருக்கப் போனேன்.

புல்லிங்டன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: 1780-இல் தொடங்கியது என்பார்கள். முதலில் வேட்டைக்கும் கிரிக்கெட்டுக்குமான சங்கம், போகப்போகச் சாப்பாடும் குடியும் மட்டும் மிஞ்சின. ஆண்கள் மட்டும். விண்ணப்பம் போட்டுச் சேர முடியாது, அவர்களாகக் கூப்பிட வேண்டும். பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த சங்கமும் இல்லை. சீருடை தனியாகத் தைக்க வேண்டும்: கருநீல வால்கோட்டு, தந்த நிற மடிப்பு, கடுகு நிற உள்சட்டை, பித்தளைப் பொத்தான். பத்திரிகைகளில் வந்த விலை சுமார் 3,500 பவுண்டு. 2006-இல் எனக்குக் கிடைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.35. அந்தக் கோட்டுக்கு நான் 654 மணி நேரம் தட்டு கழுவ வேண்டும். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பதால் ஏழரை மாதம். சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல்.

பிப்ரவரி 5, காலை

"நாலு தட்டு" என்று கேள்வியில் இருக்கிறதே, அதற்கு ஒரு திருத்தம். 1894-இல் விருந்து முடிந்து கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் பெக்வாட்டர் முற்றத்தில் இந்தச் சங்கத்தார் உடைத்த ஜன்னல் கண்ணாடிகள் 468. விளக்குகள், திரைகள், கதவுகள் தனி. 468 என்று எண்ணிச் சொல்ல யாரோ ஒருவர் காலையில் நடந்து நடந்து எண்ணியிருக்கிறார் பாருங்கள், அந்த ஆளைப் பற்றித்தான் எனக்கு யோசனை போகிறது. 1927-இல் அதே முற்றத்தில் மறுபடியும். அதன்பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 15 மைலுக்குள் கூடக் கூடாது என்று தடை வந்தது.

அதே பல்கலைக்கழகம் 1811-இல் கவிஞன் ஷெல்லியை வெளியே அனுப்பியது. நாத்திகம் பற்றி ஒரு சின்னப் பிரசுரம் போட்டான், அது தன்னுடையதுதானா என்று கேட்டதற்குப் பதில் சொல்ல மறுத்தான், அவ்வளவுதான். கண்ணாடியை உடைத்தவர்களுக்கு மைல் கணக்கில் தண்டனை.

பிப்ரவரி 5, மாலை

இரண்டு பேர் புல்லிங்டனையும் ஆக்ஸ்ஃபோர்டு யூனியனையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இல்லை. யூனியன் 1823-இல் தொடங்கிய விவாதச் சங்கம். கட்டணம் கட்டினால் மாணவர் யாரும் சேரலாம், தேர்தலில் நிற்கலாம். பிற்பாடு இலங்கையின் வெளியுறவு அமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமர் 1959-இல் அதன் தலைவராக இருந்தவர். (அவருடைய அரசியலைப் பற்றி இங்கே சண்டை தொடங்க வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.) போரிஸ் ஜான்சன் யூனியன் தலைவராகவும் இருந்தார், புல்லிங்டனிலும் இருந்தார். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஒன்றில் பேசி ஜெயிக்க வேண்டும். மற்றதில் ஏற்கெனவே ஜெயித்த வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 8

அந்த இரவை விரிவாக எழுதச் சொல்கிறார்கள். சரி.

பதினாலு பேர். சாதாரணமான ஒரு பெயரில், யாருக்கோ பிறந்தநாள் என்று சொல்லி மாடியறையை எடுத்திருந்தார்கள். எட்டு மணிக்கு வந்தார்கள். வாசலில் எல்லோருக்கும் வணக்கம், தயவுசெய்து, நன்றி. இவ்வளவு மரியாதையான கூட்டத்தை அந்தக் கடையில் நான் பார்த்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெறிபிடித்த கூட்டம் என்று நினைத்துக்கொண்டு படிப்பீர்கள். அப்படி இல்லை. பத்தரை வரைக்கும் இல்லை.

பத்தரைக்குப் பாட்டு. அப்புறம் ஒரு தட்டு. ஒரு தட்டு உடைந்தால் சமையலறையில் எல்லோரும் ஒரு நொடி நிற்போம், அது பழக்கம். பிறகு இன்னொன்று. அது தவறி விழுந்த சத்தம் இல்லை, எறிந்த சத்தம். இரண்டுக்கும் வித்தியாசம் பாத்திரம் கழுவுகிறவனுக்குத் தெரியும். அப்புறம் தொடர்ச்சியாக. கணப்படுப்பைக் குறிவைத்து எறிந்திருக்கிறார்கள். பரிமாறின போலந்துப் பெண் கீழே வந்து, ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பின்வாசலில் சிகரெட் பற்றவைத்தாள். மேலே இனிப்புத் தட்டு காத்துக்கொண்டிருந்தது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

முதலாளி போலீஸைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் கால்குலேட்டரை எடுத்தார். உடைந்த ஒவ்வொரு தட்டுக்கும் வாங்கின விலையைப் போல மூன்று மடங்கு போட்டார், கம்பளம் அலச ஒரு தொகை, "சிரமத்துக்கு" ஒரு தொகை. அவர்களில் ஒருவன், பொருளாளர் மாதிரி, கீழே வந்து பட்டியலைப் படித்துக்கூடப் பார்க்காமல் நோட்டுகளை எண்ணி வைத்தான். முதலாளியின் முகம் தெளிந்தது. அன்று மாடியறையில் அவருக்கு வந்த லாபம் வழக்கமான சனிக்கிழமை லாபத்தைவிட அதிகம் என்று பிறகு அவரே சொன்னார்.

ஆக, கேள்வி கேட்டவர் சொல்வது சரிதான், கணக்குத் தீர்ந்தது. அவர்களுக்கும் முதலாளிக்கும். உடைப்பும் சாப்பாட்டுப் பட்டியலில் ஒரு பண்டமாகிவிட்டது. சூப், கோழி, இனிப்பு, தட்டு.

மிச்சம் நானும் சமையல்காரரும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். கம்பளத்தில் கண்ணாடிப் பொடி. விளக்குமாற்றுக்கு வராது, உறிஞ்சும் இயந்திரம் போட்டால் பை கிழியும். நான் விரலால் பொறுக்கப் போனேன். "தம்பி, கையால எடுக்காதையும். பாணால ஒற்றி எடும்" என்றார். மிஞ்சின ரொட்டித் துண்டைப் பிய்த்து மெதுவாக அழுத்தினால் பொடியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி வரைக்கும் அப்படி இரண்டு பேரும் முழங்காலில் நின்று கம்பளத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தோம். எனக்குப் பன்னிரண்டு மணி வரைதான் கூலி.

பிப்ரவரி 8, சற்றுப் பின்

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "ஜன்னல் உடையிற ஊரிலயிருந்து வந்தனான்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 9

கோட்டுக் கணக்கில் தவறு, சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. 3,500 என்ற விலை பிந்தைய ஆண்டுகளில் அச்சானது. 2006-இன் கூலியால் அதை வகுத்தது அநியாயம். 2010 அக்டோபர் கூலி 5.93. அதன்படி 590 மணி நேரம். ஏழரை மாதம் இல்லை, ஏழு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது மனம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

பிப்ரவரி 11

"அப்போதெல்லாம் கல்வியில் ஏற்றத்தாழ்வு இல்லை, பணத்திமிர் இப்போது வந்தது" என்று ஒருவர். தலைகீழாகச் சொல்கிறார். பழைய ஆக்ஸ்ஃபோர்டில் அது சட்டப்படி உடுப்பிலேயே தெரியும். பிரபு வீட்டு மாணவனின் தொப்பிக் குஞ்சம் தங்க நிறம். கூடுதல் கட்டணம் கட்டும் பணக்காரப் பையனுக்குத் தனி அங்கி. அடிமட்டத்தில் 'சர்விட்டர்' என்று ஒரு வகை: ஏழை மாணவன், கட்டணச் சலுகைக்காகச் சக மாணவர்களுக்கே ஏவல் செய்வான். ஒரே பாடம்தான், ஒருவன் சாப்பிட உட்கார்ந்தால் மற்றவன் பரிமாறுவான். அந்தக் குஞ்சத்துக்கு ஆங்கிலத்தில் 'டஃப்ட்'. பணக்காரனைக் கிண்டலாக 'டாஃப்' என்கிறார்களே, அது இதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது அகராதிக்காரர்கள் ஊகம். (கேம்பிரிட்ஜில் இந்த ஏவல் மாணவனுக்குப் பெயர் 'சைசர்'. நியூட்டன் 1661-இல் அப்படித்தான் சேர்ந்தார்.)

அகராதி என்றதும் சாமுவேல் ஜான்சன் ஞாபகம் வருகிறது. இங்கிலீஷ் அகராதி தொகுத்தாரே, அவர். 1728-இல் பெம்ப்ரோக் கல்லூரியில் சேர்ந்தார், கையில் காசில்லை. பாடக் குறிப்புகளைக் கேட்டு வாங்க எதிரே கிறைஸ்ட் சர்ச்சில் இருந்த நண்பனைப் பார்க்கப் போவார். செருப்பு கிழிந்து விரல் தெரிந்ததை அங்கிருந்த பையன்கள் கவனித்துவிட்டார்கள். போவதை நிறுத்திக்கொண்டார். யாரோ இரக்கப்பட்டு ஒரு புதுச் சோடியை அவர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். எடுத்து வீசிவிட்டார். பதின்மூன்று மாதத்தில் பட்டம் வாங்காமலே ஊருக்குத் திரும்பினார்.

பிற்பாடு 468 ஜன்னல் உடைந்ததும் அதே கிறைஸ்ட் சர்ச்சில்தான். சும்மா சொல்லிவைக்கிறேன்.

பிப்ரவரி 12

புல்லிங்டன்காரர்களின் அந்தப் பிரபலமான குழுப் படத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: 1987-இல் எடுத்தது, பத்துப் பேர் நீலக் கோட்டில் படிக்கட்டில் இருப்பார்கள். கேமரூனும் போரிஸ் ஜான்சனும் அதில் இருக்கிறார்கள். ஒரே படிக்கட்டில் பிற்காலப் பிரதமர்கள் இரண்டு பேர். ஜார்ஜ் ஆஸ்போர்ன் 1992 படத்தில் இருப்பார், 2010-இல் நிதியமைச்சர். 2007-இல் அந்த 1987 படத்தின் உரிமை வைத்திருந்தவர்கள் இனி யாரும் வெளியிடக் கூடாது என்று அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். பிபிசி உடனே ஓர் ஓவியரைப் பிடித்து அதையே வரைய வைத்துக் காட்டியது. மறைக்கப் போனது ஓவியமாகி மாட்டிக்கொண்டது.

இன்னொன்று. அந்த 80-களில் உள்நாட்டு மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் அரசு செலவு. 1,000 பவுண்டு கட்டணம் வந்ததே 1998-இல்தான், 2012-இல் அது 9,000 வரை ஏறியது, கேமரூன் ஆட்சியில். நான் வெளிநாட்டு மாணவன், எனக்கு எந்த வருடத்திலும் இலவசம் இல்லை. பொறாமை என்று முதலிலேயே சொன்னேன்.

பிப்ரவரி 12, இரவு

2004: ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் ஃபைஃபீல்ட் கிராமத்து மதுக்கடையில் புல்லிங்டன் விருந்து. 17 மது பாட்டில்கள் சுவரில் அடித்து நொறுக்கப்பட்டன, தட்டுகள், ஒரு ஜன்னல். நாலு பேர் கைது. ஆளுக்கு 80 பவுண்டு அபராதம், வீட்டுக்குப் போகலாம். (ஃபைஃபீல்ட் அந்தப் பழைய 15 மைலுக்கு உள்ளேதான் வரும்.)

2011 ஆகஸ்ட், லண்டன் கலவரம். கடையில் புகுந்து 3.50 பவுண்டு பெறுமான தண்ணீர் பாட்டில்களை எடுத்த 23 வயது மாணவனுக்கு ஆறு மாதச் சிறை. தாகம் எடுத்தது என்றானாம். அப்போது பிரதமர் கேமரூன்.

பிப்ரவரி 13

வந்துவிட்டது எதிர்பார்த்த பதில்: "கலவரத்தில் கட்டடங்கள் எரிந்தன, உயிர்கள் போயின. அதையும் குடிக்கூத்தையும் எப்படி ஒப்பிடலாம்?" நியாயமான கேள்வி. கலவர இரவில் எடுத்த தண்ணீர் பாட்டிலுக்கும் சாதாரண நாளில் எடுத்ததற்கும் நீதிமன்றம் வேறுபாடு பார்த்தது, அதற்குக் காரணம் இருந்தது. நேற்று இரவு எழுதியதில் கொஞ்சம் சூடு அதிகம். ஆனால் எடுத்துவிட மாட்டேன். ஒருவன் உடைத்தால் வயசுக் கோளாறு, இன்னொருவன் எடுத்தால் குணம் என்று முடிவு கட்டுகிற அந்தப் பழக்கம்தான் என்னை உறுத்துகிறது. ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 13, மதியம்

கொஞ்சம் சிரிக்கவும் வேண்டும். எட்டாம் எட்வர்டு இளவரசராக ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது புல்லிங்டனில் சேர அரண்மனை அனுமதி கொடுக்கத் தயங்கியது. 'புல்லிங்டன் பிளைண்ட்' என்ற குடி இரவுகளில் கலந்துகொள்ள மாட்டேன் என்ற நிபந்தனையின் பேரில் சம்மதித்தார்களாம். பையன் கலந்துகொண்டான். தாயார் மேரி அரசியிடமிருந்து தந்தி வந்தது: பெயரை எடுத்துவிடு. உலகத்தின் கால்வாசியை ஆண்ட குடும்பத்திலும் அம்மாவுக்குச் சேதி போய்விடுகிறது.

பிப்ரவரி 15

ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் எல்லோரும் இப்படி என்று நான் சொன்னதாகப் புரிந்துகொண்டு ஒரு தங்கை வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார், அவரே அங்கே படித்தவர். இல்லை அம்மா. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 7 சதவீதம்தான் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள், ஆக்ஸ்ஃபோர்டில் சேரும் உள்நாட்டு மாணவர்களில் அவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அப்படியே பார்த்தாலும் மீதி இரண்டு பங்கு சாதாரணப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரு வால்கோட்டைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். 2018-இல் அங்குள்ள கன்சர்வேட்டிவ் மாணவர் சங்கமே, புல்லிங்டன் உறுப்பினர்கள் தங்கள் சங்கத்தில் பதவி வகிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அவர்களுக்கே கூச்சமாகிவிட்டது என்றால் பாருங்கள்.

வீடில்லாதவர் முன்னால் நோட்டைக் கொளுத்திய கதையைப் புல்லிங்டன் கணக்கில் எழுதுகிறார்கள். 2017-இல் படம்பிடிக்கப்பட்ட சம்பவம் கேம்பிரிட்ஜில் நடந்தது, 20 பவுண்டு நோட்டு, வேறு மாணவன். தங்கை சொன்னதில் ஒன்று மட்டும் உண்மை: எல்லாப் பாவத்தையும் ஒரே கோட்டுக்கு மாட்டிவிடுகிறோம்.

பிப்ரவரி 15, இரவு

அதை எழுதிவிட்டு யோசித்தேன். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். அன்று வந்தவர்கள் நீலக் கோட்டு போட்டிருந்தார்கள் என்று முதல் குறிப்பில் எழுதினேன். சத்தியமாக எனக்கு நிறம் ஞாபகம் இல்லை. கோட்டு, வில் டை, அது நிச்சயம். 1987 படத்தைப் பார்த்த பிறகு என் நினைவுக்கு நானே நீலம் பூசியிருக்கிறேன் போலிருக்கிறது. கறுப்பாகவே இருந்திருக்கலாம். அந்தச் சொல்லை வாபஸ் வாங்குகிறேன்.

பிப்ரவரி 19

வாபஸ் வாங்கத் தொடங்கினால் இன்னொன்றும் இருக்கிறது. நாலு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

ஐம்பது பவுண்டை டிப்ஸ் பெட்டியில் போட்டேன் என்று எழுதியது பொய்.

பணம் கொடுக்க வந்த அந்தப் பொருளாளர் பையன் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். நான் தனியாக இருந்தேன். என் பெயரைக் கேட்டான். சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தான், கிட்டத்தட்டச் சரியாகவே. "இன்று இரவுக்காக மன்னிக்கவும்" என்றான், குத்தலே இல்லாத குரல். நோட்டை நீட்டினான். சிவப்பு நோட்டு, பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் முதல் கவர்னர் படம் போட்டது. ஐம்பது பவுண்டு நோட்டை அதற்குமுன் நான் கையில் தொட்டதில்லை. ஒன்பது மணி நேரக் கூலிக்கு மேல். மடித்து ஷூவுக்குள் வைத்தேன். அப்புறம்தான் மாடிக்குப் போய் சமையல்கார அண்ணனோடு முழங்காலில் உட்கார்ந்தேன். கடை மூடும்போது டிப்ஸ் பெட்டியைக் கொட்டிப் பங்கு போட்டோம், ஆளுக்கு நாலு பவுண்டு சில்லறை. என் பங்கை வாங்கிக்கொண்டேன்.

எந்தக் கடையிலும் அந்த நோட்டை வாங்கவில்லை, கள்ள நோட்டு பயம். வங்கியில் மாற்றித்தான் குளிர்கோட்டு ஒன்று வாங்கினேன். நல்ல கோட்டு. ஐந்து குளிர்காலம் வந்தது.

ஜான்சன் செருப்பை வீசினார் என்று 11-ஆம் தேதி அவ்வளவு ரசித்து எழுதினேனே, எழுதும்போதே முதுகில் அந்தக் கோட்டு கனத்தது.

பிப்ரவரி 20

"அதில் என்ன தப்பு, நீங்கள் உழைத்த காசுதானே" என்று மூன்று பேர். தப்பு என்று சொல்லவில்லை. பெட்டிக்குப் போயிருந்தால் ஐந்து பேருக்கும் பத்துப் பத்து. சிகரெட் பிடித்த அந்தப் பெண்ணுக்கும்.

பிப்ரவரி 22

அண்ணனிடம் எப்போதாவது சொன்னீர்களா என்று கேட்டவருக்கு.

சொன்னேன். இரண்டு வருடம் கழித்து, நான் படிப்பு முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போகிற வாரம். கோட்டைப் போட்டுக்கொண்டுதான் விடைபெறப் போயிருந்தேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"தெரியும் தம்பி. சப்பாத்துக்குள்ள வைக்கேக்க கண்ணாடிக் கதவில தெரிஞ்சது."

ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"என்னெண்டு கேக்கிறது? எனக்கும் ஒண்டு தந்தவன். நானும் பெட்டியில போடேல்லை."